இளையாத்தங்குடியின் இரவு வானம்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில், கீழச்சிவல்பட்டியை அடுத்துள்ள இளையாத்தங்குடி, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றான கைலாசநாதர் நித்தியகல்யாணி கோயிலால் பெயர் பெற்ற ஊராகும். செட்டிநாட்டைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் காலையில் வந்து, கோயிலையும் பெரிய வீடுகளையும் ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தளங்களையும் கண்டு, பொழுது சாய்வதற்குள் காரைக்குடிக்கோ மதுரைக்கோ திரும்பிவிடுகின்றனர். அவர்கள் திரும்பும் அந்த நேரத்திற்குப் பிறகுதான், இப்பகுதியின் கண்மாய்க் கரைகளுக்கும் பொட்டல்களுக்கும் மேலே, பெருநகரங்களில் வாழ்வோர் பார்த்திராத ஒரு வானம் விரியத் தொடங்குகிறது. விண்மீன்களைக் காண்பதற்கும் அவற்றைப் படமெடுப்பதற்கும் என்றே இருண்ட நாட்டுப்புறங்களுக்குப் பயணம் செய்யும் வழக்கம் உலகெங்கும் வளர்ந்துவரும் இக்காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து இதற்காக லடாக் வரை செல்வோர் உள்ளனர். ஆனால் லடாக்கிலிருந்து காண இயலாத பல விண்மீன்கள் செட்டிநாட்டின் தெற்கு அடிவானத்துக்கு மேல் தெளிவாக எழுகின்றன என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது.

இதற்குக் காரணம் நில அமைப்போ மலையுயரமோ அன்று, நிலவுலகில் இவ்வூர் அமைந்திருக்கும் இடமேயாகும். செட்டிநாடு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே உள்ளது. ஓர் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் அங்கே துருவ விண்மீன் நிற்கும் என்பது வானியலின் எளிய விதிகளுள் ஒன்று. கையை முழுதும் நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை என்பதால், வடக்கு அடிவானத்தின் மீது ஒரு முட்டியை வைத்துப் பார்ப்பவர், அதன் மேல் விளிம்பை ஒட்டித் துருவனைக் கண்டுகொள்ளலாம். துருவன் இவ்வளவு தாழ்ந்து நிற்பதன் மறுபக்கம், தென்துருவப் புள்ளி அடிவானத்திற்குக் கீழே அதே 10 பாகையில் மட்டுமே மறைந்திருக்கிறது என்பதாகும். ஆகவே தென்வானத்தின் மிகப் பெரும்பகுதி, ஆண்டின் ஏதேனும் ஒரு பருவத்தில் இங்கே எழுந்து மறைகிறது. ஓராண்டு முழுவதும் பொறுமையாகப் பார்த்துவருபவருக்கு, கணக்கின்படி மொத்த விண்கோளத்தில் 98 விழுக்காட்டுக்கும் மேல் இவ்வூர் அடிவானத்துக்கு மேல் வந்துபோகும். ஐரோப்பியர் தங்கள் ஊரிலிருந்து ஒருபோதும் காண முடியாத திரிசங்கு எனப்படும் தென்சிலுவையும், ஆஸ்திரேலியர் தங்கள் ஊரிலிருந்து காண முடியாத துருவனும், மே மாதத்து முன்னிரவில் செட்டிநாட்டின் ஒரே மொட்டைமாடியிலிருந்து தெற்கிலும் வடக்கிலுமாக ஒருசேரத் தெரிகின்றன.

தென்னிந்தியாவின் இந்த வாய்ப்பு அறிவியல் வரலாற்றிலும் பதிவாகியுள்ளது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு கட்டப்பட்ட வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867ஆம் ஆண்டு, ரெட்டிகுலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒளி கூடியும் குறைந்தும் வரும் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்று இன்று வழங்கும் அவ்விண்மீன், சென்னையிலிருந்து பார்க்கும்போது மிக உச்சத்தில் நிற்கும் வேளையிலும் தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகைக்கு மேல் வருவதில்லை. அவ்வளவு தாழ்வான ஒரு விண்மீனின் ஒளி மாறுவதை நுங்கம்பாக்கத்திலிருந்து ஒருவர் கண்டறிய முடிந்தது என்றால், அன்றைய சென்னையின் அடிவானம் எவ்வளவு இருண்டிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பிற்காலத்தில் வானியலாளர் வேணு பாப்பு, நகர ஒளி எட்டாத இடம் தேடி, ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்து அங்கே ஆய்வகம் அமைத்தார்; 1960களின் பிற்பகுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் தொடங்கிய அவ்விடத்தில், பின்னர் 1986இல் அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்கு 1977 மார்ச் 10ஆம் நாள் கிடைத்த சான்றுகளில் காவலூரில் செய்யப்பட்ட பதிவும் ஒன்று. அத்தகைய ஆய்வகங்கள் சமவெளியை விட்டு மலையேறியதற்கு அங்குள்ள தெளிந்த காற்று ஒரு காரணம் என்றால், இருட்டு மற்றொரு காரணம்.

இருட்டு குறைவதை ஒளி மாசு என்பர். விளக்கிலிருந்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் வீணாகச் செல்லும் ஒளி, காற்றிலுள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, வானத்தின் மீது வெளிறிய ஒரு திரையாகப் படர்வதும், அந்தத் திரைக்குப் பின்னால் மங்கலான விண்மீன்கள் மறைந்துபோவதும் இதன் செயல்முறையாகும். நீல ஒளி மற்ற நிறங்களைவிடக் காற்றில் மிகுதியாகச் சிதறுவதால், பழைய மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகளுக்கு மாற்றாக வந்த வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள், மின்சாரத்தை மிச்சப்படுத்தினாலும் வானத்தை வெளுக்கச் செய்வதில் அவற்றை விஞ்சிவிட்டன. உலக மக்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் ஒளி மாசுபட்ட வானத்தின் கீழ் வாழ்கின்றனர் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குப் பால்வீதி கண்ணுக்குத் தெரிவதே இல்லை என்றும் 2016இல் வெளிவந்த உலக வரைபடம் ஒன்று காட்டியது. அதைவிடக் கவலை தருவது 2023இல் வெளியான ஆய்வாகும்: பொதுமக்கள் தம் கண்ணால் கண்டு பதிந்த ஆயிரக்கணக்கான குறிப்புகளைக் கொண்டு, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு கூடியிருப்பதை அது கணக்கிட்டது. இந்த வேகத்தில் எட்டாண்டுகளுக்குள் வெளிச்சம் இரட்டிப்பாகும்; 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் பிறந்த குழந்தை, 18 வயதை எட்டும்போது அதே இடத்திலிருந்து 100 விண்மீன்களையே காணும்.

வானம் எவ்வளவு இருண்டுள்ளது என்பதை அளக்கக் கருவிகள் இருப்பினும், கருவியே இன்றி மதிப்பிடுவதற்கு, ஜான் போர்ட்டில் என்னும் அமெரிக்க வானியல் ஆர்வலர் 2001இல் வகுத்த ஒன்பது படிநிலைகள் பயன்படுகின்றன. பால்வீதியின் வெளிச்சமே தரையில் நிழல் விழச் செய்யும் அளவுக்கு இருண்ட வானம் முதற்படி. நிலவும் கோள்களும் விரல்விட்டு எண்ணத்தக்க சில விண்மீன்களும் மட்டும் தெரியும் பெருநகர நடுப்பகுதி ஒன்பதாம் படி. செட்டிநாட்டின் சிற்றூர்கள் முதற்படிக்கு உரியவை என்று கூற இயலாது; காரைக்குடி, திருப்பத்தூர் ஆகிய நகரங்களின் ஒளி அடிவானத்தில் ஒரு வெளிறலாகப் படியத்தான் செய்யும். எனினும் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வாழ, சிவகங்கை மாவட்டத்தில் ஏறத்தாழ 320 பேரே வாழ்கின்றனர். பெருந்தொழிற்சாலைகள் மிகுதியாக இல்லை. பெரிய வீடுகளுள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பதால் அவற்றின் விளக்குகளும் எரிவதில்லை. தலைமுறைகளாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பின்னர் சென்னைக்கும் குடிபெயர்ந்தவர்கள் விட்டுச்சென்ற வெறுமையை எண்ணி வருந்துவோர் உண்டு, அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் அந்த வெறுமையே இப்பகுதியின் இருட்டை இதுவரை காத்து வந்திருக்கிறது.

விண்மீன் பயணத்திற்கு நாள் குறிப்பதில் செட்டிநாட்டாருக்கு வெளியார் கற்றுத்தர வேண்டியது மிகுதியாக இல்லை, ஏனெனில் அதற்கு வேண்டிய முதற்கருவியான பஞ்சாங்கம் அவர்கள் வீட்டிலேயே உள்ளது. நிலவொளி சிற்றூர்த் தெருவிளக்குகளைவிட மிகுதியாக வானத்தை வெளுக்கச் செய்வதால், அமாவாசையை ஒட்டிய சில நாள்களே பால்வீதியைக் காண உகந்தவை. தேய்பிறையில் நிலவு நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தாமதித்து எழுவதால், பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள்களான பின் முன்னிரவும் இருண்டுவிடும். நகரத்தார் உலகெங்கும் போற்றிவரும் பிள்ளையார் நோன்பு, இந்த வானக் கணக்கின் மீதே கட்டப்பட்டது என்பதை இங்கே எடுத்துக்காட்டத் தகும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கணக்கிட்டு, சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில், 21 நூலிழைகளைத் திரித்த திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயிலிட்டுக்கொள்ளும் நோன்பு அது. திருக்கார்த்திகையன்று முழுநிலவு கார்த்திகை விண்மீன் கூட்டத்தை ஒட்டி நிற்கிறது. நிலவு நாளுக்கு ஒரு நட்சத்திரமாக நகர்வதால், நட்சத்திர வரிசையில் மூன்றாவதான கார்த்திகையிலிருந்து 21 இடம் தள்ளி இருபத்துநான்காவதான சதயத்தை அடைய ஏறத்தாழ 21 நாள் ஆகிறது. முழுநிலவு தேய்ந்து அமாவாசையாக 15 திதியும், அங்கிருந்து வளர்பிறைச் சஷ்டிக்கு 6 திதியும் சேர்ந்தால் அதுவும் 21. நிலவின் இடமும் நிலவின் வடிவமும் ஒரே எண்ணில் வந்து சந்திக்கும் நாளை நோன்பு நாளாகத் தேர்ந்தவர்கள், வானத்தை அன்றாடம் அண்ணாந்து பார்த்து வாழ்ந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அன்று மாலை மேற்கே தெரியும் பிறை நள்ளிரவுக்கு முன்பே மறைய, அதன் பின் விடியும் வரை வானம் இருண்டே இருக்கும்.

பருவங்களைப் பொறுத்தவரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகமும், கோடையின் பிற்பகுதியில் இடிமழை மேகமும் தடை செய்வதால், ஜனவரி முதல் ஏப்ரல் வரையான நான்கு மாதங்களே நம்பத்தக்கவை. சூரியன் மறைந்தவுடன் வானம் முழுதும் இருண்டுவிடுவதில்லை. சூரியன் அடிவானத்திற்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் அதன் ஒளி முற்றிலும் நீங்கும் என்பதால், இப்பகுதியில் அதற்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி முன்னிரவில், திருவாதிரை விண்மீனைத் தாங்கிய ஓரியன் குழு தலைக்கு மேலேயே நிற்க, தெற்கே 27 பாகை உயரத்தில், வானத்தின் இரண்டாவது ஒளிமிக்க விண்மீனாகிய அகத்தியர் ஒளிர்வார். இங்கிலாந்து மண்ணில் எங்கிருந்து பார்த்தாலும் அகத்தியரைக் காண இயலாது. மேற்கு அடிவானத்திலிருந்து கோபுரம் போல் கூம்பி எழும் ஒரு மெல்லிய ஒளியும் அப்பருவத்தில் தெரியக்கூடும். கோள்களின் பாதையில் பரவிக் கிடக்கும் நுண்தூசியின் மீது சூரிய ஒளி படுவதால் உண்டாகும் அவ்வொளியை, நகர ஒளி என்று எண்ணி ஒதுக்கிவிடுவது எளிது.

ஓர் இரவு மட்டுமே வாய்க்கும் பயணிக்கு ஏப்ரல் மாதத்து அமாவாசை இரவையே பரிந்துரைக்கலாம். அன்று மாலை ஓரியனும் ரோகிணியும் மேற்கில் சாயத் தொடங்கும்போதே, வடகிழக்கில் சப்தரிஷிகள் என்னும் ஏழு விண்மீன்கள் எழுந்திருக்கும். அவற்றின் வால்புறத்து வளைவை அப்படியே நீட்டிச் சென்றால் செம்மை கலந்த சுவாதியும், மேலும் நீட்டினால் வெண்ணிறச் சித்திரையும் வரும். நள்ளிரவுக்குச் சற்று முன்பாகத் திரிசங்கு தெற்கில் நிமிர்ந்து நிற்கும். அதை அடுத்து, கண்ணுக்கு மங்கிய பஞ்சுப் பொட்டாகவும், சாதாரண இருகண்ணோக்கியில் உருண்டையான ஒளித்துகள் திரளாகவும் ஒமேகா சென்டாரி தோன்றும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டுத் தொலைவில், கோடிக்கணக்கில் எண்ணத்தக்க விண்மீன்கள் கூடியுள்ள இத்திரள், 32 பாகை உயரம் வரை செட்டிநாட்டு வானில் ஏறுகிறது. சற்றுப் பின்னால் எழும் ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில், 4.4 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் குடும்பமாகும். அதிகாலையில் கேட்டையும் மூலமும் அடங்கிய விருச்சிகம் தெற்கே உயர்ந்து நிற்க, அதன் வாலை ஒட்டிப் பால்வீதியின் மையப்பகுதி, இருண்ட தூசிப் பட்டைகள் இடையிடையே கிழித்தாற்போல் ஓட, 50 பாகைக்கு மேல் உயரும். குளிர்நாடுகளிலிருந்து வரும் ஒளிப்படக்காரர்களுக்குத் தம் நாட்டில் அடிவானப் புகைக்குள் அரைகுறையாகத் தெரியும் இம்மையம், இங்கே முழு உருவோடு நடுவானில் கிடைக்கிறது. இவற்றைக் காணத் தொலைநோக்கி தேவையில்லை; கண் இருட்டுக்குப் பழகுவதற்கு அரைமணி நேரம் தேவை. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி மெல்லவே சுரக்கிறது. ஒருமுறை கைப்பேசியின் வெண்திரையைப் பார்த்தாலே அது சிதைந்து, மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க நேரும். அதனால்தான் பழகியவர்கள் சிவப்பு ஒளி தரும் கைவிளக்கையே பயன்படுத்துகின்றனர்.

படமெடுப்பதன் அடிப்படை, கண்ணால் சேர்த்துவைக்க முடியாத ஒளியைக் கேமரா பல நொடிகள் திறந்திருந்து சேர்த்துவைக்கிறது என்பதாகும். கேமராவை முக்காலியில் அசையாமல் பொருத்தி, அகன்ற கோணம் காட்டும் லென்ஸின் துளையை எஃப் 2.8 அல்லது அதைவிட அகலமாகத் திறந்து, ஒளியுணர் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600 முதல் 6400க்குள் வைத்து, குவியத்தைக் கையாலேயே ஓர் ஒளிமிக்க விண்மீனின் மீது கூர்மையாக்கிக்கொள்வது தொடக்க முறை. எத்தனை நொடி திறக்கலாம் என்பதைப் புவியின் சுழற்சி தீர்மானிக்கிறது. வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால், அளவு கடந்தால் விண்மீன் புள்ளியாக இல்லாமல் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து வரும் எண்ணே நொடிகளின் மேல்வரம்பு என்பது பழைய கைக்கணக்கு. 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது ஏறத்தாழ 20 நொடி, சிறிய உணரி கொண்ட கேமராவில் ஏறத்தாழ 14 நொடி, மிகு நுண்மையுள்ள புதிய கேமராக்களில் இன்னும் குறைவு. கோடாக இழுபடுவதையே விரும்பி, நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி விண்மீன் தடங்களாக ஆக்குவோரும் உண்டு. வடநாடுகளில் எடுத்த அத்தகைய படங்களில் துருவனைச் சுற்றிப் பெரிய வட்டங்கள் நிறைந்திருக்கும். செட்டிநாட்டில் வடக்கு நோக்கினால் முழுவட்டங்கள் அடிவானத்தை ஒட்டிச் சிறியனவாகவே அமையும் என்பதால் அவற்றைப் பின்பற்றுவதில் பயன் குறைவு. கிழக்கு நோக்கிக் கேமராவை வைப்பதே இவ்வூருக்கு உரிய முறை. நேர்கிழக்கில் எழும் விண்மீன்கள் ஏறக்குறைய செங்குத்தான கோடுகளாகவும், இடப்புறத்தவை வடதுருவத்தை நோக்கி, வலப்புறத்தவை தென்துருவத்தை நோக்கி வளைந்தும், ஒரே படத்தில் வானத்தின் இரு அச்சுகளையும் காட்டிவிடும். முன்புறத்தில் கண்மாய்க் கரைப் பனையோ, ஊருணியின் படிக்கட்டோ, பூட்டிய வீட்டு முகப்பின் சுதைச் சிற்பங்களோ அமையுமானால், அப்படம் வேறெந்த நாட்டிலும் எடுக்க இயலாத படமாகும். விடியற்பனி லென்ஸின் மீது படிந்து படத்தைப் புகையாக்கும் என்பதால், மார்கழி, தை மாதங்களில் உலர்ந்த துணியும் கவனமும் வேண்டும்.

பயணிகள் கண்மாய்க் கரைகளில் இரவில் நடக்கையில் பாம்புக்கு அஞ்சி மூடிய காலணி அணிவதும், கோயிலையும் தனியார் வீட்டு முகப்பையும் இசைவு பெற்றே படமெடுப்பதும், உறங்கும் ஊரில் குரல் தாழ்த்துவதும் சொல்லாமலே விளங்கும். தங்குவதற்கு, கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பழைய மாளிகைகள் சில விடுதிகளாகியுள்ளன. அவற்றின் வளவு எனப்படும் திறந்த முற்றமும் அகன்ற மொட்டைமாடியும் முன்னிரவு வானத்தைக் காணப் போதுமானவை. ஆனால் பயணிகள் தரும் பணம் விடுதியோடு நின்றுவிடாமல் ஊராருக்கும் சேர வேண்டுமானால், லடாக்கின் ஹான்லேயில் செய்ததைக் கருத்தில் கொள்ள வேண்டும். இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அவ்வட்டாரச் சிற்றூர்களைச் சேர்ந்த 24 பேருக்குத் தொலைநோக்கி தந்து, வருவோருக்கு வானத்தைக் காட்டும் பயிற்சியும் அளிக்கப்பட்டது. விளக்குகளை மறைப்பதில் அவ்வூர் மக்கள் காட்டும் அக்கறை, அவர்களது வருவாயோடு பிணைந்துவிட்டது. மகாராட்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024இல் நாட்டின் முதல் சான்று பெற்ற இருள்வானப் பூங்காவாயிற்று. தமிழ்நாட்டு அரசும் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் இத்தகைய பூங்கா ஒன்றை அமைக்கத் திட்டமிட்டுள்ளது. இவையெல்லாம் காடும் மலையும் சார்ந்தவை. மக்கள் வாழும் சமவெளிச் சிற்றூரில் இருட்டைக் காப்பது இவற்றினும் கடினம். அதனாலேயே அது செய்துபார்க்கத் தக்கது.

அப்படிப்பட்ட கட்டுப்பாட்டைத் தாமே ஏற்ற மக்கள் இதே திருப்பத்தூர் வட்டத்தில் வாழ்கின்றனர் என்பதுதான் நம்பிக்கை தரும் செய்தி. கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய ஊர்களின் கண்மாய்களில் வந்து கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் மிரளக் கூடாது என்பதற்காக, அவ்வூரார் தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அவ்விடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு முன்பிருந்தே வழங்கிவரும் ஒழுக்கம் அது. ஓசையைப் போலவே ஒளியும் பறவைகளைக் குலைக்கிறது; இரவில் வலசை செல்லும் பறவைகளுள் பல விண்மீன்களைக் கொண்டே திசை அறிகின்றன என்பதைக் கோளரங்கத்துக்குள் பறவைகளை விட்டு ஆராய்ந்தவர்கள் நிறுவியுள்ளனர். ஓசையை விட்டுக்கொடுத்த ஊராரிடம் ஒளியைப் பற்றி யாரேனும் பேசினால், அது புரியாத பேச்சாக இராது.

கேட்கப்படுவது விளக்கை அணைப்பது அன்று. தெருவில் நடக்கும் முதியவருக்கும் பள்ளிவிட்டு வரும் மாணவிக்கும் வெளிச்சம் வேண்டும். ஆனால் அது தரையில் விழ வேண்டும். விளக்கின் மேலும் பக்கங்களிலும் தகட்டு மூடி பொருத்துவதும், நீலம் மிகுந்த வெண்ணிறத்துக்கு மாற்றாக 3,000 கெல்வினுக்கு மேற்படாத மஞ்சள்சார் எல்.இ.டி. விளக்குகளைத் தேர்வதும், நாற்சந்திகளில் அண்மைக்காலமாக நிறுவப்படும் உயர்கம்ப விளக்குகளை, ஊருக்கு உண்மையில் அவை தேவையா என்று கேட்டபின் நிறுவுவதும், நள்ளிரவுக்குப் பிறகு பொலிவு விளக்குகளைத் தணிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. மூடியிட்ட விளக்கு, வீணாகும் ஒளியையும் கீழே திருப்புவதால், குறைந்த மின்திறனிலேயே அதே வெளிச்சத்தைத் தரும். சிற்றூர்த் தெருவிளக்குகள் கிராம ஊராட்சியின் பொறுப்பில் இருப்பதால், இதற்குச் சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும். அவற்றுள் ஜனவரி 26, மார்ச் 22 ஆகிய இரு நாள்களின் கூட்டங்கள், செட்டிநாட்டு வானம் ஆண்டிலேயே மிகத் தெளிந்திருக்கும் பருவத்தில் நடைபெறுகின்றன.